படம் உங்களுது, ஃபார்மேட் எங்களுது

சந்திரமோகனைச் சண்டைக்காரர் என்று சொன்னால் அவர் வீட்டுக்காரி விஜயலட்சுமி ஒத்துக்கொள்ள மாட்டாள். "அவரு சண்டை போடமாட்டாரு. எங்க சண்டை நடக்குதோ அங்க போயி முன்னாடி நிப்பாரு, அவ்வளவுதான்" என்பாள். அப்பா அருப்புக்கோட்டையிலிருந்து பொதுப்பணித்துறையில் மஸ்தூராக, அதாவது கூலியாளாக, கப்பலேறி வந்தவர். மகன் பிறந்ததும் படித்ததும் கட்டிக்கொண்டதும் போர்ட் பிளேரில்தான். வீடு மரைன் ஹில்லில், கடை கீழே பஜாரில் ஒரு மாடி அறை. வாசலில் 'மோகன் வீடியோ' என்று மூன்று மொழியில் போர்டு. தமிழர் வீட்டுக் காதுகுத்தா, பெங்காலி வீட்டுக் கல்யாணமா, தெலுங்குக்காரர் வீட்டு கிரகப்பிரவேசமா, கூப்பிடு மோகனை என்பார்கள்.

இந்தத் தீவில் தொழில் செய்கிறவன் முதலில் கப்பலோடு சமாதானமாகப் போகக் கற்றுக்கொள்ள வேண்டும். உப்பு, புளி, சிமெண்டு, மாத்திரை, எல்லாம் கப்பலில் வருகிற ஊர். வீடியோ டேப்பும் அப்படித்தான். கடல் கொந்தளித்துக் கப்பல் நின்றுவிட்டால் பஜார் முழுக்கத் தேடினாலும் ஒரு டேப் கிடைக்காது. முகூர்த்தம் காத்திருக்குமா? அதனால் இங்குள்ள வீடியோக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே வழக்கம். எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, அதே டேப்பை ரீவைண்டு செய்து அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ஒரு டேப்பில் நாலு கல்யாணம் ஏறி இறங்கியிருக்கும். மெயின்லேண்டில் இருக்கிறவன் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வான். அடித்துக்கொள்ளட்டும். அவனுக்குத் தெருமுனையில் டேப் கிடைக்கிறது.

ஆக, எடுத்த படத்துக்கு மிச்சமிருப்பது கம்ப்யூட்டரில் இருக்கிற கோப்பு ஒன்றுதான். சந்திரமோகன் வைத்திருந்த மிக்ஸிங் சாஃப்ட்வேருக்குப் பெயர் சோனாமிக்ஸ். வானத்திலிருந்து பூப் பறக்கும், மாப்பிள்ளை தலைக்குப் பின்னால் தாஜ்மகால் சுழலும், எல்லாம் அதில் உண்டு. அது ஓட வேண்டுமென்றால் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பூட்டைக் கம்ப்யூட்டரின் பின்னால் சொருக வேண்டும். பூட்டு இல்லையென்றால் சாஃப்ட்வேர் வாயைத் திறக்காது. படத்தையும் அது தனக்கே உரிய ஒரு ஃபார்மேட்டில்தான் போட்டு வைக்கும். வேறு எந்த சாஃப்ட்வேராலும் அதைப் படிக்க முடியாது. அந்தப் பூட்டை வாங்க விஜயலட்சுமியின் வளையல் போயிற்று. அதனால் சந்திரமோகனுக்கு அதன்மேல் ஒரு தனி மரியாதை.

சுனாமி வந்து நாலைந்து வருஷம் கழித்து ஒரு காலையில், மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்தாள் நீலாவதி. நாற்பத்தைந்து வயதிருக்கும். ரப்பர் செருப்பைக் கழற்றிப் படியிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்து, சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்னக்கா வேணும்?"

"தம்பி, என்னைய ஞாபகம் இருக்கா? நான் கச்சால்லருந்து வர்றேன். எம் மவ சடங்குக்கு நீங்கதான் வந்து வீடியோ புடிச்சீங்க. இங்கன சிப்பிகாட் ஊருல எங்க சொந்தக்காரவுங்க வூட்டுல ஒரு கல்யாணக் கேசட்டு போட்டாங்க. அதுல ஓங்க கடைப் பேரு வந்துச்சு. அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு."

கச்சால் என்றதும் சந்திரமோகன் எழுந்து நின்றுவிட்டார். இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களை ரப்பர் வேலைக்கு என்று குடிவைத்த தீவு அது. சுனாமியில் அந்தத் தீவு பட்ட பாடு போர்ட் பிளேரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப்பற்றி வாய்விட்டுக் கேட்பதில்லை. அவரும் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கப்பலில் சொந்தக்காரர் யாரோ வருகிறார் என்று புருஷன் சிவஞானமும் மகள் பானுவும் ஜெட்டிக்குப் போனார்கள். நீலாவதி மேட்டில் விறகு பொறுக்கப் போயிருந்தாள். பூமி ஆடியது, பிறகு கடல் ஏறி வந்தது. வீடு நின்ற இடத்தில் வீடு இல்லை. சட்டி பானை, துணிமணி, போட்டோ, டிவிடி, ஒன்றும் இல்லை.

"அவரு படம் ஓட்டர் கார்டு ஆபீசுலருந்து எடுத்துக் குடுத்தாங்க தம்பி. கறுப்பா, யாரோ மாதிரி இருக்கு. அது அவருன்னு நான்தான் சத்தியம் பண்ணனும். புள்ளைக்கு அதுவும் இல்ல. போன மாசம் ஒரு நாளு உக்காந்து யோசிச்சுப் பாக்குறேன், எம் புள்ள மொகம் சரியா வரமாட்டேங்குது. மூக்குத்தி போட்ட எடம் வலது பக்கமா எடது பக்கமான்னு தெரியல. பெத்தவ நானு." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அந்தக் கேசட்டுல அவரு எங்கயும் வரமாட்டாரு. எனக்குத் தெரியும், நான் எத்தன தரம் பாத்திருக்கேன். புள்ள மொகம் மட்டும் போதும் தம்பி. இருக்கா?"

சந்திரமோகன் கம்ப்யூட்டரைத் தட்டினார். பழைய ஹார்டு டிஸ்கில் தேடினார். 'கச்சால் பானு' என்று கோப்பு பளிச்சென்று கிடந்தது. அவருக்கு ஒரே சந்தோஷம்.

"அக்கா! இருக்குக்கா! மோகன் கடையில எதுவும் தொலையாது. நீங்க போயி ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க, போட்டுத் தர்றேன்."

அவள் சாயா குடிக்கப் போகவில்லை. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். சந்திரமோகன் கோப்பைத் தட்டினார். திரையில் சிவப்பாக ஒரு கட்டம் வந்தது. இந்தக் கோப்பைத் திறக்க உங்களுக்கு உரிமை இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

மறுபடி தட்டினார். அதே கட்டம். பூட்டைக் கழற்றி ஊதி மாட்டினார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். உரிமை இல்லை. சொந்தக் கையால், சொந்தக் கேமராவில், கடல் ஆட்டத்தில் வாந்தியெடுத்த உடம்போடு கச்சால் வரை கப்பலில் போய் எடுத்த படம். உரிமை இல்லையாம். அட, என்ன கூத்து இது! அவருக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

"என்ன தம்பி?"

"ஒண்ணும் இல்லக்கா. மெஷின் கொஞ்சம் படுத்துது. நாளைக்கு வந்துருங்க."

அவள் போனபிறகு மெயின்லேண்டில் இருந்த கம்பெனிக்குப் போன் போட்டார். போன் பாட்டுப் பாடி, இந்தி பேசி, கடைசியில் தமிழ் பேசுகிற ஓர் இளைஞன் லைனுக்கு வந்தான். நல்ல மரியாதையான குரல்.

"சார், அது பழைய வெர்ஷன் ஃபார்மேட். இப்ப நீங்க யூஸ் பண்றது புது வெர்ஷன். புதுசுல பழசு ஓப்பன் ஆகாது. பழைய லாக்கைப் போட்டு ஓப்பன் பண்ணுங்க."

"பழைய பூட்டை நீங்கதானேய்யா வாங்கிட்டுப் போனீங்க! புதுசு குடுக்கறப்போ பழசைத் திருப்பிக் குடுத்தாத்தான் ஆகும்னு வாங்கிட்டுப் போனீங்களே!"

"ஆமா சார். எக்ஸ்சேஞ்ச் ஸ்கீம். வந்ததையெல்லாம் அழிச்சிட்டோம். அந்த புராடக்டே பந்த் ஆயிடுச்சு சார், இப்ப வர்றதே இல்ல."

"அப்ப என் படம்?"

"படம் உங்களுது சார். ஃபார்மேட் எங்களுது."

சந்திரமோகன் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தார். வெடித்துச் சிரிப்பான், தமாஷ் என்பான் என்று காத்திருந்தார். அவன் சிரிக்கவில்லை. வேறு ஏதாவது உதவி வேண்டுமா சார் என்று கேட்டான். சந்திரமோகன் திட்டாமலே ரிசீவரை வைத்துவிட்டார். வாழ்க்கையில் அவர் அப்படி வைத்தது அதுதான் முதல் தடவை என்று விஜயலட்சுமி பிறகு சொன்னாள்.

அந்த எக்ஸ்சேஞ்ச் வந்த கதையை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வீடியோக்காரர் சங்கக் கூட்டத்துக்கு பாலகுமார் என்று ஓர் இளைஞர் வந்தார். தொழில் படிப்புச் சொல்லித்தருகிற ஒரு நிலையத்தில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்டவர். ஒப்பந்த வேலை. சட்டையில் மைக்கறை, கையில் பை நிறைய சிடி. அவரும், எங்கெங்கோ முகம் தெரியாத அவர் கூட்டாளிகளும் சேர்ந்து ஒரு சின்ன சாஃப்ட்வேர் எழுதியிருந்தார்கள். சோனாமிக்ஸ் கோப்பைப் பூட்டு இல்லாமல் திறந்து, உள்ளே இருக்கிற படத்தை எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஓடுகிற மாதிரி எடுத்துக் கொடுத்துவிடும். அதற்கு 'தாழ்திற' என்று பெயர் வைத்திருந்தார். காசு கிடையாது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாருக்கும் கொடுக்கலாம், பிடிக்காவிட்டால் மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

"நம்ம வழக்கம் என்ன? டேப்பை அழிச்சு அழிச்சு எடுக்கறோம். அப்ப மிச்சம் இருக்கறது இந்தக் கோப்பு மட்டும்தான். அதையும் இன்னொருத்தன் பெட்டியில வச்சுப் பூட்டிச் சாவியையும் அவன்கிட்டயே குடுத்துட்டா எப்படிண்ணா?" என்றார் பாலகுமார்.

சந்திரமோகன் எழுந்தார். சண்டை நடக்கிற இடம் ஆயிற்றே.

"இந்தாப்பா, பூட்டு வாங்க என் பொண்டாட்டி வளையல் போயிருக்கு. நீ ஓசியில எல்லாருக்கும் தொறந்து விட்டுட்டா, நாளைக்கு காலேஜ் போற பய எல்லாம் ஒரு கேமராவைத் தூக்கிட்டு வீடியோக்காரன்னு வந்து நிப்பான். அப்புறம் நாங்க எங்க போறது? கடல்லயா? இது உதவி இல்ல தம்பி. இதுக்குப் பேரு திருட்டு. நேராச் சொன்னா, சோரி!"

பாலகுமார் ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்திருந்த சிடியை எல்லோரும் பார்க்க முட்டியில் வைத்து ஒடித்துப் போட்டார். துண்டு தெறித்து யாருடைய டீ கிளாஸிலோ விழுந்தது. கைத்தட்டல் பிய்த்துக்கொண்டு போயிற்று. பாலகுமார் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விஷயம் கம்பெனி காதுக்குப் போனது. ஏஜெண்ட் விமானத்தில் பறந்து வந்தான். ஹோட்டலில் விருந்து, மேசை நிறைய இறாலும் நண்டும். பாலகுமார் எழுதியது லைசென்ஸுக்கு விரோதம் என்று ஒரு புகாரை நீட்டினான். முதல் கையெழுத்து சந்திரமோகன். அடுத்தது இன்னொரு பஜார் வீடியோக்காரரான ஒச்சப்பன், பிறகு எல்லோரும். கையெழுத்துப் போட்டவர்களுக்குப் புது வெர்ஷன் இலவசம், பழைய பூட்டை மட்டும் கொடுத்துவிட வேண்டும். பழைய கோப்புகள்? அடுத்த வெர்ஷனில் திறக்கும் என்றான். அடுத்த வெர்ஷனும் வந்தது. திறக்கவில்லை. யாருக்கும் அது உறைக்கவும் இல்லை. கொடுத்த டிவிடியை வாடிக்கையாளர்கள் பத்திரமாக வைத்திருந்தார்கள். பழசைத் தேடி யார் வரப்போகிறார்கள்?

கச்சாலிலிருந்து வந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் நீலாவதி கடைதிறக்கும் முன்பே படியில் உட்கார்ந்திருந்தாள். அதற்கு மறுநாளும். "கப்பல் டிக்கெட் கெடைச்சிருச்சு தம்பி, வெள்ளிக்கெழம போறேன். அதுக்குள்ள ஏலுமா?" என்றுதான் கேட்டாள். அவசரப்படுத்தவில்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. "உண்மையைச் சொல்லிருங்க அந்தம்மாகிட்ட" என்றாள் விஜயலட்சுமி. "என்னன்னு சொல்ல? உங்க புள்ள இந்த டப்பாவுக்குள்ள இருக்கா, நான்தான் சாவியை விருந்து சாப்பிட்டு வித்துட்டேன்னு சொல்லவா?" என்று கத்தினார். கத்தியபிறகுதான் தான் சொன்னது தனக்கே கேட்டது. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வியாழக்கிழமை பாலகுமார் வேலை பார்த்த நிலையத்துக்குப் போனார். காலில் விழுந்தாவது கேட்டுவிடுவது என்று முடிவு. வாசலில் இருந்த பியூன் அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"பாலகுமார் சாரா? அவரு இங்க இல்ல சாப். கேம்பல் பேக்கு தூக்கியடிச்சு ரெண்டு வருஷம் ஆகுது. உங்களுக்குத் தெரியாதா? மேல கம்ப்ளெயிண்ட் போச்சுல்ல. அம்மாவைத் தனியா விட்டுட்டுப் போனாரு, பாவம்."

கேம்பல் பே என்றால் தீவுக்கூட்டத்தின் தெற்குக் கோடி. கப்பல் கிடைத்தால்தான் பயணம். வேண்டாதவரை அனுப்ப அதைவிடத் தூரமான இடம் இங்கே இல்லை. சந்திரமோகனுக்கு இது தெரியவே தெரியாது. கையெழுத்துப் போட்டோம், ஆள் சிடியைத் தூக்கி உள்ளே வைத்துவிடுவார், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தார். பியூனிடம் கெஞ்சி நம்பர் வாங்கி, அங்கேயே மரத்தடியில் நின்று பேசினார்.

"சொல்லுங்க மோகன் அண்ணா." குரலைக் கேட்டதுமே கண்டுபிடித்துவிட்டார் பாலகுமார்.

சந்திரமோகன் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினார். நீலாவதி, பானு, சிவப்புக் கட்டம், வெள்ளிக்கிழமைக் கப்பல். லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றார்.

"கேக்குதுண்ணா. என்னால குடுக்க முடியாது."

"தம்பி, அப்படிச் சொல்லாத..."

"இனிமே என் கையால யாருக்கும் குடுக்கமாட்டேன்னு எழுதி வாங்கிட்டாங்க. மீறினா இந்த வேலையும் போயிரும். ஆனா நான் குடுத்ததைத் திருப்பி வாங்கறேன்னு எழுதித் தரல. அதை யாரும் வாங்க முடியாது. அன்னைக்கு ஹால்ல சிடி வாங்கினவங்க யாராவது வச்சிருந்தா அவங்க தரலாம். என்னைக் கேக்க வேண்டாம், கம்பெனியையும் கேக்க வேண்டாம். லைசென்ஸ்ல அப்படித்தான் இருக்கு."

"எனக்குமா? நான் உனக்கு எதிரா மொதல்ல கையெழுத்துப் போட்டவன்ய்யா."

"தெரியும். காப்பி எனக்கும் அனுப்பினாங்க."

"கோவம் இல்லையா தம்பி?"

"இருக்குண்ணா. நெறைய இருக்கு. இங்க கரண்டு போறப்பல்லாம் உங்களைத்தான் திட்டுவேன். அதுக்காக மோகனுக்குக் குடுக்கக் கூடாதுன்னு எழுதவா முடியும்? எழுதினா அதுவும் ஒரு பூட்டுத்தானே. போயி சிடியைத் தேடுங்க, அந்தம்மா கெளம்பறதுக்குள்ள."

சந்திரமோகன் போனை வைத்துவிட்டு அந்த மரத்தடியில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடித்திருந்தால்கூட வாங்கியிருப்பார். இது அவருக்குத் தாங்கவில்லை.

பிறகு கடை கடையாக ஏறி இறங்கினார். ஒருத்தன் சிடியைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்றான், இன்னொருத்தன் ஸ்கூட்டர் பின்னால் பளபளவென்று ஒட்டிவைத்திருந்தான், வெயிலில் வெந்து உரிந்து கிடந்தது. கடைசியில் ஒச்சப்பன் கடை. இரண்டாவது கையெழுத்துப் போட்ட ஒச்சப்பனிடம் போய் என்ன கேட்பது என்று படியிலேயே கொஞ்சம் தயங்கினார். வேறு வழியில்லாமல் உள்ளே போய்க் கேட்டார்.

ஒச்சப்பன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, கம்ப்யூட்டர் மேசையின் இழுப்பறையைத் திறந்து சிடியை எடுத்து நீட்டினார். பழைய சிடி. மேலே பாலகுமாரின் கையெழுத்தில் 'தாழ்திற'. ஓரமெல்லாம் விரல் ரேகை.

"நீ வச்சிருக்கியா?" சந்திரமோகனுக்குக் குரல் கீச்சென்று வந்தது.

"வச்சிருக்கேனாவா? தினமும் இதுலதான் வேல. அந்தப் புது வெர்ஷன் பழச ஒண்ணத்தையும் தொறக்க மாட்டேங்குதே. நீ என்ன பண்ணிட்டு இருந்த இத்தன நாளா?"

"நீ கையெழுத்துப் போட்டியேய்யா! அந்தப் பையனைக் கேம்பல் பேக்கு அனுப்பிட்டாங்கய்யா!"

ஒச்சப்பன் வெற்றிலையைத் துப்பினார். "அரே, அது எனக்குத் தெரியாதே" என்றார். பிறகு, "எல்லாரும் போட்டாங்கன்னு போட்டேன். நண்டு வேற நல்லா இருந்துச்சு" என்று தலையைக் குனிந்துகொண்டார். சந்திரமோகனுக்கு அவர் சட்டையைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு பிடிப்பது? சிடியை வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது ஒச்சப்பன் பின்னாலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்: "மோகன், பாட்டு, பூ, தாஜ்மகால் எதுவும் வராது. கேமரா பாத்தது மட்டும்தான் வரும். நீ வெட்டித் தள்ளினதும் சேந்து வரும், பாத்துக்க."

கடைக்கு வந்து சிடியைப் போட்டார். படம் திறக்கும் முன்னால் தமிழில் ஒரு பக்கம் எழுத்து வந்தது. இதை யாரும் எந்தக் காரியத்துக்கும் பயன்படுத்தலாம், பிறருக்கும் இதே உரிமையோடு கொடுக்கலாம் என்று இருந்தது. சாதாரணமாக இப்படிப்பட்ட பக்கத்தை அவர் படித்ததே கிடையாது, ஒத்துக்கொள்கிறேன் என்று தட்டிவிட்டுப் போய்விடுவார். அன்றைக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்தார். புகார் கொடுத்தவர்கள் நீங்கலாக என்று எங்காவது இருக்குமோ என்று தேடினார். அப்படி ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நீலாவதி பையும் கையுமாகவே வந்துவிட்டாள். மத்தியானம் கப்பல். விஜயலட்சுமியும் வந்திருந்தாள். சந்திரமோகன் படத்தை முன்கூட்டிப் பார்க்கவில்லை. நீலாவதி பார்ப்பதற்கு முன் தான் பார்க்க ஏனோ அவருக்குத் துணிவு வரவில்லை.

'கச்சால் பானு' மேல் தட்டினார். சிவப்புக் கட்டம் வரவில்லை. திரை ஒரு நிமிஷம் கறுப்பாக இருந்தது. பிறகு ஒரு பந்தல், தென்னை ஓலை, மஞ்சள் தண்ணீர் வைத்த அண்டா, நாற்காலியில் ஒரு பெண்.

நீலாவதி கத்திவிட்டாள். அழுகை இல்லை, ஆளைக் கண்ட கத்தல். "எடது பக்கம்! தம்பி, எடது பக்கம்தான் மூக்குத்தி! பாருங்க, எடது பக்கம்!" என்று விஜயலட்சுமியின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

டிவிடியில் இந்தக் காட்சி முழுக்கப் பாட்டு ஓடியிருக்கும். இதில் பாட்டு இல்லை. காற்று கேட்டது, சேவல் கூவுவது கேட்டது, பெண்கள் குலவையிடுவது கேட்டது. பானு பேசுவது கேட்டது. "அம்மா, பூ குத்துது" என்றாள். நீலாவதி தரையில் உட்கார்ந்து திரையைத் தொடுகிற தூரத்துக்கு நகர்ந்துபோனாள். இந்தக் குரல் தனக்கு மறந்தே போயிருந்தது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

படம் ஓடிக்கொண்டே இருந்தது. டிவிடிக்கு என்று வெட்டித் தள்ளியவை எல்லாம் வந்தன. கேமரா ஆடியது, தரையைக் காட்டியது, ஒரு நாய் வந்தது, போயிற்று. திடீரென்று ஓரத்தில் ஓர் ஆள் நுழைந்தான். அழுக்கு நிக்கர், கிழிந்த பனியன், கை நிறைய ரப்பர் பால் காய்ந்த கறை. வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்தவன். பந்தல் கால் பக்கத்தில் நின்று நாற்காலியில் இருந்த பெண்ணைப் பார்த்துச் சிரித்தான்.

உடனே படத்துக்குள்ளிருந்து ஒரு குரல் அலறியது. சந்திரமோகனின் குரல்.

"யோவ்! ஃப்ரேமை விட்டுத் தள்ளுய்யா! ஹட்டோ! இந்தக் கோலத்துல வந்து நடுவுல நிக்கிற, அறிவு இருக்கா?"

அந்த ஆள் பதறி ஒதுங்கினான். கேமராவைப் பார்த்து, கையைக் கும்பிடுகிற மாதிரி வைத்துக்கொண்டு சொன்னான்.

"எம் மவதான் சார் அது. சும்மா ஒருக்கா பாத்துட்டுப் போறேன்."

"அப்பன்னா சட்டையைப் போட்டுட்டு ஒழுங்கா வாய்யா. போ, போ."

"இந்தா வந்துர்றேன் சார். அஞ்சே நிமிசம். போயிறாதீங்க."

சிரித்துக்கொண்டே ஓடினான். டேப் அங்கே தீர்ந்துபோயிருந்தது; சந்திரமோகன் அன்றைக்குக் கொண்டுபோனது அந்த ஒரு டேப்தான். திரை நீலமாகிவிட்டது.

இது நடந்ததே சந்திரமோகனுக்கு ஞாபகமில்லை. இப்படி எத்தனை வீட்டில் எத்தனை பேரைத் துரத்தியிருக்கிறாரோ, எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு மறந்துபோயிருக்கிறார். இந்த மனிதனுக்கு உலகத்தில் மிஞ்சியிருக்கிற ஒரே அசையும் படம் இதுதான், அதில் தான் அவனை விரட்டிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்குச் செத்துப்போகலாம்போல இருந்தது. "அக்கா, மன்னிச்சிருங்கக்கா. அந்த எடத்தை வெட்டிட்டு நல்லபடியா ஒரு காப்பி போட்டுத் தர்றேன்" என்றார்.

நீலாவதி எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர். ஆனால் முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"ஐயோ, வெட்டிறாதீங்க தம்பி. நீங்க ஏசுற எடத்துலருந்து இன்னொருக்கா போடுங்க. அவரு பதில் சொல்றாரு."